லீட்ரிமில் உங்கள் ஓட்டு எங்கெல்லாம் போகும்? கவுண்டி கவுன்சில் தேர்தலுக்கு ஒரு கையேடு

அயர்லாந்தில் கவுண்டி கவுன்சில் தேர்தலில், அதாவது மாவட்ட அளவிலான உள்ளாட்சித் தேர்தலில், ஓட்டுப் போட ஐரிஷ் குடியுரிமை வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ, வேலை அனுமதியோ மாணவர் அனுமதியோ, அடைக்கலம் கேட்டுக் காத்திருப்பவரோ, யாராக இருந்தாலும் தடையில்லை. 18 வயது முடிந்திருக்க வேண்டும், அந்தப் பகுதியில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தேர்தல் இது. கடைசியாக 2024 ஜூன் 7-ல் நடந்தது, அடுத்தது 2029-ல்.

சிக்கல், சீட்டைக் கையில் வாங்கிய பிறகு வருவது. பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்து பழகியவர்களுக்கு, பத்துப் பதினைந்து பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று எண் போடச் சொன்னால் கை தயங்கும். இலங்கையிலிருந்து போனவர்களுக்கு வேறுவிதமான குழப்பம். நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டு, மூன்று பேரின் விருப்பு இலக்கங்களைக் குறித்துப் பழகியவர்கள், இங்கேயும் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டு சேரும் என்று நினைத்துவிடுகிறார்கள். சேராது. உங்களுக்கு இருப்பது ஒரே ஓட்டு. எண்கள் எல்லாம் அந்த ஓட்டுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் வழித்தடம். முதல் ஆளுக்கு அது தேவைப்படாமல் போனால், அல்லது அவர் தோற்றுப் போனால், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதைச் சொல்கின்றன. ஜனாதிபதித் தேர்தலில் போடும் 1, 2, 3 இதற்குக் கொஞ்சம் நெருங்கி வரும், ஆனால் அங்கே ஆசனம் ஒன்றுதான். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் இதே குடும்பத்து முறையில்தான். பாடப் புத்தகத்தில் ‘ஒற்றை மாற்று வாக்கு’ என்று படித்திருப்பீர்கள்.

லீட்ரிம் கவுண்டியை வைத்துப் பேசுவோம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 35,199 பேர். அயர்லாந்திலேயே மக்கள் குறைந்த கவுண்டி. கவுன்சிலில் 18 இடங்கள். காரிக்-ஆன்-ஷானன், பாலினமோர், மேனர்ஹாமில்டன் என மூன்று தேர்தல் வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் 6 உறுப்பினர்கள். வார்டுக்கு ஒருவர் என்ற கணக்கு இங்கே இல்லை. ஒரே சீட்டில் எல்லா வேட்பாளர்களும் இருப்பார்கள், அதிலிருந்து ஆறு பேர் வருவார்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்லைகோ நகரத்தில்தான் 1919 ஜனவரியில் இந்த முறை முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அடுத்த வருடம் நாடு முழுவதும் வந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் இதைக் கைவிடலாமா என்று 1959-லும் 1968-லும் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். இரண்டு முறையும் வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள்.

பெயர் பட்டியலில் இருக்கிறதா?

‘செக் த ரெஜிஸ்டர்’ என்ற அரசு இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, பிபிஎஸ் எண் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் எண்), வீட்டின் எர்கோடு (அஞ்சல் குறியீடு) ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம், புதிதாகச் சேரலாம், முகவரி மாற்றலாம். பிபிஎஸ் எண் இல்லாதவர்கள் தாள் படிவத்தை நிரப்பிக் கார்டா காவல் நிலையத்தில் அடையாளம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பட்டியல் வருடம் முழுக்கத் திறந்தே இருக்கும். தேர்தல் நெருங்கும்போது மட்டும் ஒரு கெடு உண்டு. 2024 ஜூன் 7 தேர்தலுக்கு அந்தக் கெடு மே 20. தேர்தல் வாரத்தில் ஓடிப்போய்ப் பயனில்லை. 16, 17 வயதுப் பிள்ளைகள் இப்போதே விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியலில் சேர்ந்துகொள்ளலாம். 18 ஆனதும் பெயர் தானாக மாறும்.

பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கில ‘எல்’ என்றால் உள்ளாட்சித் தேர்தல் மட்டும். ‘இ’ என்றால் அதோடு ஐரோப்பிய நாடாளுமன்றமும், ‘டி’ என்றால் உள்ளாட்சியோடு ஐரிஷ் நாடாளுமன்றமும். ஐரிஷ் குடிமக்களுக்கு ‘பி’. அவர்களுக்கு எல்லாத் தேர்தலும் பொதுவாக்கெடுப்பும் உண்டு. இந்திய, இலங்கைக் குடிமக்கள் ‘எல்’. குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் வாங்கி, போட்டோ எல்லாம் எடுத்து முடித்த பிறகும் இந்த எழுத்து தானாக மாறாது. நீங்கள்தான் விண்ணப்பித்து மாற்ற வேண்டும். அதை மறந்துவிட்டு, அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் நாளில் சாவடிக்குப் போய், உள்ளாட்சிக்கு மட்டும்தான் பதிவு என்று கேட்டுவிட்டுத் திரும்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வீடு மாறினாலும் அப்படித்தான். ஒருவர் ஒரே முகவரியில்தான் பதிவாக இருக்கலாம், அந்த முகவரிக்கு ஒதுக்கிய சாவடியில்தான் ஓட்டுப் போடலாம். மேனர்ஹாமில்டனிலிருந்து காரிக்குக் குடிபெயர்ந்தும் பழைய முகவரியிலேயே பதிவை விட்டிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது இனி உங்கள் தெருவைத் தொடாத ஆறு பேரின் சீட்டு. தபால் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. உடல்நலக் குறைவு, மாற்றுத்திறன், வெளியூரில் படிப்பு, வேலை காரணமாகச் சாவடிக்கு வர முடியாமை போன்ற காரணங்களுக்கே தருவார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தால் அந்த ஓட்டு போனதுதான். ஜூன் மாத விமான டிக்கெட் எடுக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாவடியில்

பெரும்பாலும் ஊர்த் தொடக்கப் பள்ளியோ சமூகக் கூடமோதான் சாவடி. 2024-ல் காலை 7 முதல் இரவு 10 வரை திறந்திருந்தது. தபாலில் வரும் வாக்காளர் அட்டையில் எந்தச் சாவடி என்று இருக்கும். அட்டை வராவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டுப் போடலாம். ஆனால் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், படத்துடன் கூடிய அலுவலக அடையாள அட்டை போன்ற ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

சீட்டை உங்களிடம் கொடுக்கும்போது அதில் அதிகாரபூர்வ முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத சீட்டு எண்ணும்போது செல்லாததாகிவிடும்; அதிகாரியின் மறதிக்கு உங்கள் ஓட்டு பலியாகக் கூடாது. சீட்டில் வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருப்பார்கள். படம், கட்சிச் சின்னம் எல்லாம் இருக்கும். சுயேச்சைகளுக்குக் ‘கட்சி சாராதவர்’ என்று போட்டிருக்கும் அல்லது அந்த இடம் வெறுமையாக இருக்கும். அகர வரிசையில் மேலே இருப்பவருக்குக் கொஞ்சம் லாபம் என்பது எல்லாக் கட்சிக்காரர்களும் அறிந்த உண்மை. மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, தெரிந்த முகம் வந்ததும் எண் போட்டுவிடும் பழக்கம் மனிதர்களுக்கு உண்டு.

பிடித்தவருக்கு 1. அவருக்கு அடுத்தபடியாக யார் வந்தால் பரவாயில்லையோ அவருக்கு 2. இப்படியே போங்கள். எத்தனை வரை? உங்களுக்கு இவருக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரிகிறவரை. “2 போட்டால் நான் 1 போட்டவருக்குக் கெடுதல் ஆகாதா?” என்று எல்லோரும் கேட்பார்கள். ஆகாது. உங்கள் முதல் ஆள் வென்று முடிக்கும்வரை அல்லது வெளியேற்றப்படும்வரை இரண்டாவது எண்ணை யாரும் பார்க்கவே மாட்டார்கள். பிடிக்காதவருக்கு 9 போடுவதும் அவருக்கு உதவி இல்லை. உங்கள் முதல் எட்டுப் பேரும் களத்தைவிட்டுப் போன பிறகு, மிஞ்சியிருப்பவர்களில் அவரைவிட மோசமானவர் இருந்தால் மட்டுமே அந்த 9 வேலை செய்யும். அதனால் ஒருவரை எப்படியும் தடுக்க வேண்டும் என்றால் 1 மட்டும் போட்டு நிறுத்துவது தவறான வழி. மற்ற எல்லோருக்கும் எண் போட்டு, அவரை மட்டும் விட்டுவிடுங்கள்.

கெட்டுப்போவது இப்படித்தான். இரண்டு பேருக்கு 1 போட்டால் சீட்டு முழுக்கச் செல்லாது. 1, 2 போட்டு, 3-ஐ விட்டு 4-க்குத் தாவினால், 2 வரை செல்லும், அதற்குப் பிறகு பாதை முடிந்தது. இரண்டு பேருக்கு 3 போட்டாலும் அதே கதி. பெயர் எழுதுவது, கையெழுத்துப் போடுவது, யார் போட்டது என்று கண்டுபிடிக்கும்படி ஏதாவது குறிப்பது, எல்லாமே சீட்டைக் கொல்லும். ஒரே ஒரு புள்ளடியோ டிக்கோ மட்டும் இருந்தால், அது முதல் விருப்பைத் தெளிவாகக் காட்டுகிறது என்று தேர்தல் அதிகாரி கருதினால் ஏற்கப்படலாம். ஆனால் அது அவர் மேசைக்குப் போய் விவாதமாக வேண்டிய சீட்டு, உறுதி இல்லை.

2024 போல ஒரே நாளில் இரண்டு தேர்தல் நடக்கும்போது இன்னொரு பிழை வரும். லீட்ரிம் சேர்ந்த ஐரோப்பியத் தொகுதியில் அந்த வருடம் 27 வேட்பாளர்கள். முழத்துக்கு நீளும் அந்தச் சீட்டில் 1 முதல் 5 வரை போட்டுவிட்டு, கவுன்சில் சீட்டில் 6, 7, 8 என்று தொடர்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு சீட்டும் தனித் தேர்தல்; ஒவ்வொன்றிலும் 1-லிருந்து தொடங்குங்கள். எழுதியது பிழையாகிவிட்டால் பெட்டியில் போடாதீர்கள். அதிகாரியிடம் கொடுத்தால் வேறு சீட்டு தருவார்.

கோட்டா: 1,101 எங்கிருந்து வந்தது

செல்லும் ஓட்டுகளை, இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டு, ஒன்று கூட்டினால் கோட்டா, அதாவது ஒருவர் வெல்லத் தேவையான ஓட்டு. ஆறு இட வட்டாரத்தில் 7,790 சீட்டுகள் விழுந்தன, 90 செல்லாதவை என்று வைத்துக்கொள்வோம் (இனி வரும் எண்களெல்லாம் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொள்பவை). 7,700-ஐ 7-ஆல் வகுத்தால் 1,100. ஒன்று கூட்ட 1,101. ஏன் 6-ஆல் வகுக்கவில்லை? 1,101 ஓட்டு ஆறு பேரிடம் இருந்தால் 6,606 தீர்ந்தது. மிச்சம் 1,094. ஏழாவது ஆள் எவ்வளவு முயன்றாலும் கோட்டாவை எட்ட முடியாது. ஆறு பேரை மட்டுமே உள்ளே விடும் மிகச் சிறிய எண் அது.

உபரி: இங்கேதான் பலருக்கும் பிடி நழுவுகிறது

வேட்பாளர் ‘அ’ முதல் சுற்றிலேயே 1,401 வாங்கிவிட்டார். வென்றார். கோட்டாவுக்கு மேல் 300 உபரி. அந்த 300 வீணாகக் கூடாது என்பதுதான் முறையின் உயிர். எந்த 300 சீட்டை எடுப்பது?

1,401 சீட்டையும் மறுபடி பிரித்து இரண்டாம் விருப்பு யார் என்று அடுக்குவார்கள். 201 சீட்டில் 2 என்று எதுவும் இல்லை. அவை மாற்ற முடியாதவை, ‘அ’விடமே தங்கும். மீதி 1,200-ல் ‘ஆ’வுக்கு 600, ‘இ’க்கு 400, ‘ஈ’க்கு 200. 1,200 சீட்டில் 300-தான் நகர வேண்டும், அதாவது நான்கில் ஒன்று. ஆகவே ‘ஆ’வுக்கு 150, ‘இ’க்கு 100, ‘ஈ’க்கு 50. ‘அ’விடம் மீதமுள்ள 900-உம் அந்த 201-உம் சேர்ந்து சரியாக 1,101.

அந்த 150 எவை? 600 சீட்டுக் கட்டின் மேலே இருக்கும் 150. அவ்வளவுதான், கட்டின் மேலிருந்து எடுப்பார்கள். அந்த 150-ல் மூன்றாம் விருப்பு எப்படி இருக்கிறதோ அதுதான் பின்னால் வேலை செய்யும். கீழே இருக்கும் 450-ன் மூன்றாம் விருப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். இதில் கொஞ்சம் குலுக்கல் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் எண்ணத் தொடங்குமுன் எல்லாப் பெட்டிச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறார்கள். ஒரே ஊர்ப் பெட்டி கட்டின் உச்சியில் உட்கார்ந்துவிடக் கூடாது அல்லவா? செனட் (ஐரிஷ் மேலவை) தேர்தலில் இந்தக் குலுக்கலைத் தவிர்க்க ஒவ்வொரு சீட்டுக்கும் 1,000 மதிப்பு கொடுத்துப் பின்னமாகக் கணக்கிடுகிறார்கள். கவுன்சில் தேர்தலில் அது கிடையாது.

பிந்தைய சுற்றில் ஒருவர் கோட்டாவைத் தாண்டினால் விதி மாறும். ‘ஆ’ 1,000-ல் நிற்கிறார். வெளியேற்றப்பட்ட ஒருவரிடமிருந்து 250 வந்து 1,250 ஆகிறார். உபரி 149. இப்போது அவருடைய 1,250 சீட்டையும் பார்க்க மாட்டார்கள். கடைசியாக வந்த அந்த 250 சீட்டுக் கட்டை மட்டும் பிரித்து, அதில் அடுத்த விருப்பு எப்படி இருக்கிறதோ அந்த விகிதத்தில் 149-ஐப் பகிர்வார்கள். ஆக, ‘ஆ’விடம் ஏற்கெனவே இருந்த ஆயிரம் பேரின் சீட்டில் உள்ள அடுத்த எண்ணுக்கு இந்த உபரியில் பங்கில்லை. அநியாயம் என்று தோன்றலாம். அந்த ஆயிரம் பேரின் ஓட்டு ‘ஆ’வை உள்ளே அனுப்பும் வேலையை முழுசாகச் செய்து முடித்துவிட்டது என்பதுதான் பதில்.

கீழிருந்து வெளியேற்றம்

பகிர உபரி இல்லாவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டு அத்தனையையும் அடுத்த விருப்புக்கு நகர்த்துவார்கள். அடுத்த எண் ஏற்கெனவே வென்றவருக்கோ நீக்கப்பட்டவருக்கோ இருந்தால் அதைத் தாண்டி அதற்கடுத்த எண். களத்தில் இருக்கும் யாருக்கும் எண் இல்லையென்றால் சீட்டு மாற்ற முடியாததாக ஓரமாகப் போய்விடும்.

அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரே சுற்றில் மூன்று பேரை நீக்குவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கடைசி மூவர் 60, 95, 110 என்று இருக்கிறார்கள், அவர்களுக்கு அடுத்து மேலே இருப்பவர் 310. மூவரின் ஓட்டும் சேர்ந்து 265. அத்தனையும் ஒருவருக்கே போனாலும் 310-ஐத் தொட முடியாது. டெபாசிட் மீளத் தேவையான கால் கோட்டாவையும், அதாவது 275-க்குச் சற்று மேலே, தொட முடியாது. எனவே சேர்த்து அனுப்பிவிடலாம். அதே தர்க்கத்தில், 30 ஓட்டு உபரி இருந்து, கடைசி இருவர் 310, 355 என்று நின்றால், அந்த உபரி யாருடைய வரிசையையும் மாற்றாது, யாரையும் கோட்டாவுக்குத் தூக்காது என்றால் அதை ஒத்திவைத்துவிட்டு நீக்கத்துக்குப் போவார்கள். இரண்டு பேர் சமமாகக் கடைசியில் நின்றால், முதல் சுற்றில் குறைவாக வாங்கியவர் போவார். அதிலும் சமம் என்றால் அடுத்தடுத்த சுற்று. எல்லாவற்றிலும் சமம் என்றால் திருவுளச் சீட்டு.

கடைசி ஒன்றிரண்டு இடங்கள் பெரும்பாலும் கோட்டா எட்டாமலே நிரம்பும். வழியில் நிறையச் சீட்டுகள் மாற்ற முடியாமல் உதிர்ந்திருக்கும். மிஞ்சியிருப்பவர்களும் மிஞ்சியிருக்கும் இடங்களும் ஒன்றாகிவிட்டால் வேலை முடிந்தது. 1, 2 என்று நிறுத்திக்கொண்டவர்களின் சீட்டுகள் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் மேசையில் இருப்பதில்லை. ஆறாவது இடத்தை முடிவு செய்பவர்கள், 7-உம் 8-உம் போட்ட பொறுமைசாலிகள்.

ஊர்க் கணக்கு

நகரத்தில் கட்சி பார்த்து எண் போகும். லீட்ரிம் போன்ற கவுண்டியில் கட்சிக்குச் சமமாக ஊர் நிற்கும். மேனர்ஹாமில்டன் வட்டாரத்தில் வடக்கே கடலுக்குப் பக்கத்தில் கின்லாக், தெற்கே லாக் கில் ஏரிப் பக்கம் ட்ரோமஹேர். கின்லாக்காரர் ஒருவர் நீக்கப்பட்டால் அவர் ஓட்டு கட்சித் தோழரைத் தேடி மலை தாண்டிப் போகும் என்று நம்ப முடியாது. பக்கத்து ஊர்க்காரர் எதிர்க்கட்சியாக இருந்தாலும் அவரிடம் நின்றுவிடும். கால்பந்துக் குழு, பள்ளி நிர்வாகம், கால்நடைச் சந்தை, துக்க வீடு என்று ஒருவரை ஒருவர் அறிந்த இடம் அது.

ஆகவே கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதே வரைபடத்தை வைத்துத்தான். ஒரு கட்சிக்கு வட்டாரத்தில் 1,652 ஓட்டு, அதாவது ஒன்றரைக் கோட்டா இருக்கிறது, இரண்டு வேட்பாளர்கள். ஒருவர் 1,101 வாங்கி வென்று, மற்றவர் 551-ல் நின்றால், அந்த இரண்டாமவர் நடுவழியில் நீக்கப்படலாம். 826, 826 என்று சரிபாதியாக விழுந்தால் இருவரும் கடைசிவரை தாக்குப்பிடித்து, மற்றவர்கள் நீங்க நீங்க வரும் ஓட்டுகளைப் பொறுக்கி, இரண்டு இடத்தையும் பிடிக்க வாய்ப்புண்டு. “இந்தச் சாலைக்கு வடக்கே இருப்பவர்கள் இவருக்கு 1, அவருக்கு 2” என்று துண்டறிக்கை வருவது இதற்காகத்தான். பிரபலமான வேட்பாளருக்கு இது கசக்கும். தன் ஓட்டைக் கடன் கொடுத்துவிட்டுத் தானே தோற்ற கதை உண்டென்று பயப்படுவார், தன் ஆட்களிடம் ரகசியமாக “1 எனக்கே” என்பார். அங்கே திட்டம் உடையும்.

ஆளைக் கூட்டினால் ஓட்டுக் கூடும் என்பதும் பாதி உண்மை. வட்டாரத்தின் காலியான மூலையிலிருந்து ஒருவரை நிறுத்தினால் அந்த ஊர் ஓட்டு கட்சிக்குள் வரும். நான்கு பேரை நிறுத்தினால், ஒவ்வொரு நீக்கத்திலும் ஒரு பகுதி வெளியே கசியும். நான்கு பேரும் நடுத்தரமாக நின்று ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள்.

எண்ணும் மையத்தில்: டாலி

எண்ணிக்கை மறுநாள் தொடங்கும், பெரும்பாலும் விளையாட்டுக் கூடத்திலோ ஹோட்டல் மண்டபத்திலோ. சீட்டுகளைக் கலக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகத் திறக்கப்பட்டு, சாவடிக் கணக்கோடு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரிவது அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான். கலந்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்று, எந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை 1 என்று கட்சிகளுக்காகக் கணக்குக் குறிக்கும் டாலிக்காரர்கள் வேலை அப்போதுதான்.

வேட்பாளர் உங்களை முகவராக நியமித்தால் நீங்களும் நிற்கலாம். சீட்டில் இருக்கும் அதே வரிசையில் பெயர்கள் அச்சிட்ட தாள், அட்டை, இரண்டு பென்சில். தலைப்பில் பெட்டி எண்ணும் சாவடிப் பெயரும். ஒருவர் கண்ணை எடுக்காமல் 1 யாருக்கு என்று மெல்லச் சொல்ல, மற்றவர் ஐந்து ஐந்தாகக் கோடு போட வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் தலை குனியும் நேரத்தில் மூன்று சீட்டு போய்விடும். எந்தக் காரணத்துக்கும் சீட்டைத் தொடக்கூடாது. பெட்டி முடிந்ததும், 312 சீட்டில் 280 பார்த்தோம் என்றால் அதையும் எழுதுங்கள். கிட்டத்தட்ட 90 சதவீதம். அது தெரியாவிட்டால் தாளுக்கு மதிப்பில்லை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் பெட்டிகளைப் பங்கிட்டுக்கொண்டு, பிறகு எல்லாக் கணக்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பகிர்ந்துகொள்வது இங்கே மரபு. முந்தின நாள் வரை ஒருவர் சுவரொட்டியை ஒருவர் முறைத்தவர்கள்தான். முதல் சுற்று அறிவிப்பு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே அதன் முடிவு மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் டாலி முதல் விருப்பை மட்டும்தான் பிடிக்கும். ஆறாவது இடத்தைப் பற்றி அதை வைத்துப் பந்தயம் கட்ட வேண்டாம்.

இதற்கு ஒரு சங்கடமான பக்கமும் இருக்கிறது. சின்ன ஊர்ப் பெட்டியில் ஒரு வேட்பாளருக்கு நான்கே ஓட்டு விழுந்தால், அந்த நால்வர் யார் என்று ஊரில் ஊகிப்பார்கள். சீட்டு ரகசியம்தான், ஊர் சின்னது.

மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் வேட்பாளரோ முகவரோ ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் கேட்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் காப்பி குடிக்கப் போகாதீர்கள்.

நீங்களே நிற்பதென்றால்

ஐரிஷ் குடிமகனாக இருக்க வேண்டும் அல்லது அயர்லாந்தில் வழக்கமாக வசிக்க வேண்டும், 18 வயது. இந்தியர், இலங்கையர் யாரும் நிற்கலாம். கட்சிச் சான்றிதழ் இல்லாதவர்கள் 100 யூரோ டெபாசிட் கட்டலாம், அல்லது அதே வட்டாரத்தில் பதிவான 15 வாக்காளர்களின் ஒப்புதலைப் பெறலாம். ஒப்புதலை ஒவ்வொருவரும் உறுதிமொழிப் பத்திரமாகச் சாட்சி முன் கொடுக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நண்பர் வேறு வட்டாரத்தில் பதிவாகியிருப்பது கடைசி நாளில் தெரியவந்தால் 14-தான் மிஞ்சும். எங்கள் கருத்தில், ஆள் பலத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லையென்றால் 100 யூரோவே நிம்மதி. கால் கோட்டாவைத் தாண்டினால் அது திரும்பி வரும்.

சுவரொட்டியை ஓட்டெடுப்புக்கு 30 நாளுக்கு முன்னதாகக் கட்டக் கூடாது, முடிந்து 7 நாளுக்குள் அகற்ற வேண்டும். மீறினால் ஒவ்வொன்றுக்கும் 150 யூரோ அபராதம். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். கட்டிய பிளாஸ்டிக் பட்டையையும் சேர்த்து வெட்டி எடுங்கள். கம்பத்தில் தொங்கும் பட்டைகளை அடுத்த தேர்தல் வரை ஊர் ஞாபகம் வைத்திருக்கும். நன்கொடை ஒருவரிடம் வருடத்துக்கு 1,000 யூரோ வரை, ரொக்கம் 200 வரை, பெயர் தெரியாதவரிடமிருந்து 100 வரை. அயர்லாந்துக்கு வெளியே வசிக்கும் வெளிநாட்டவரிடம் வாங்கவே கூடாது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாமா அனுப்பும் பணம் எவ்வளவு சிறியதானாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். செலவுக் கணக்கைத் தேர்தல் முடிந்து 90 நாளுக்குள் கவுன்சிலில் கொடுக்க வேண்டும், தோற்றாலும்.

வாக்குச்சாவடியிலிருந்து 50 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. வீடு வீடாகப் போகும்போது தாளில் வீட்டு எண்ணோடு, “2 போடுவேன்” என்றவர்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். “1 ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு” என்று சொல்பவரிடம் விவாதிக்காமல் “அப்படியானால் 2 தாருங்கள்” என்று கேட்பதுதான் இந்த முறையில் வேலை செய்யும் பேச்சு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டிவிட்டால் 2-உம் போச்சு.

வென்றவர் இடையில் விலகினாலோ இறந்தாலோ நாடாளுமன்றத்துக்குப் போனாலோ இடைத்தேர்தல் கிடையாது. நாடாளுமன்றமும் கவுன்சிலும் ஒருவரே வைத்திருக்க முடியாது என்பதால், 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் வென்ற கவுன்சிலர்களின் இடங்களும் இப்படித்தான் நிரம்பின. மீதமுள்ள உறுப்பினர்கள் கூடி ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். கட்சிக்காரர் இடம் என்றால் அந்தக் கட்சியே பெயர் சொல்லும். சுயேச்சை இடம் என்றால் கவுன்சிலின் நடைமுறை விதிகள் என்ன சொல்கின்றனவோ அப்படி. சுயேச்சை ஒருவர் வாசலில் வந்து நின்றால், உங்களுக்குப் பதில் யார் வருவார் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.